பின்பாரம்

ராபின்சன் முதன்முதலாக வெல்டிங் ராடைக் கையில் பிடித்த அன்றே தாணுவுக்குத் தெரிந்துவிட்டது, இந்த ஆள் தன் கண்ணையும் கெடுத்து இரும்பையும் கெடுக்கப் போகிறான் என்று. நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் ஒரு மேசையிலிருக்கிற காகிதக் கட்டை எடுத்து இன்னொரு மேசையில் வைப்பது அவன் உத்தியோகம். காலையில் ரயிலேறிப் போய், சாயங்காலம் இஸ்திரி குலையாத சட்டையோடு திரும்பி வருகிறவன். அப்படிப்பட்டவன் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டி, எவனோ வேண்டாமென்று விற்றுத் தள்ளிய குட்டி டிராக்டர் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். அதற்கு முன்னால் மண் வாருகிற பக்கெட் ஒன்றைத் தானே செய்து மாட்டப் போகிறானாம்.

தாணு பாதி ஆயுளை ஜேசிபியின் மேல் கழித்தவர். கொல்லயில் ஊர்ப்பக்கத்தில் எந்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினாலும், எந்தக் குளத்தைத் தூர் வாரினாலும் அவர் வண்டிதான் போகும். முழங்கால் தேய்ந்துபோன பிறகு வண்டியை அக்காள் மகன் அஜீஷின் கையில் கொடுத்துவிட்டு வீட்டிலிருந்தார். இருந்தாலும் மண்ணையும் இரும்பையும் பற்றி அந்த ஊரில் பேசத் தகுதியுள்ள ஆள் தான் ஒருவர்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு ஒழுங்கை, குறுகின சந்து. அதன் ஓரத்துத் தன் மதிலின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அவர் தினமும் வேடிக்கை பார்த்தார். பழைய இரும்புக்கடையில் பொறுக்கிய சதுரக் குழாயை அறுத்து இரண்டு கைகள். உடைத்துப் போட்ட குட்டி டிப்பர் ஒன்றிலிருந்து கழற்றிய ஹைட்ராலிக் ஜாக்கிகள். பக்கெட்டின் ஓரத்தில் வெல்டிங் கோழி எச்சம் மாதிரித் திட்டுத்திட்டாகக் கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேல் மஞ்சள் பெயின்ட் வேறு.

"இது எந்தரு சாரே, சர்ச்சில பிள்ளையளுக்கு ஆட ஊஞ்சலா?"

ராபின்சன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தான். முகத்தில் ஒரு கோபமும் இல்லை.

"லோடர் ஆக்கும் அண்ணா. சாணி வாரதுக்கும் தேங்காத்தொண்டு அள்ளதுக்கும்."

"அதுக்கு மண்வெட்டி போராதா?"

"மண்வெட்டி பிடிச்சா நடு நோவுது அண்ணா."

ஒரு ஆண்பிள்ளை இன்னொரு ஆண்பிள்ளையிடம் இடுப்பு வலிக்கிறது என்று சொல்வதை, அதுவும் வெட்கமில்லாமல் சொல்வதை, தாணு அதுவரை கேட்டதில்லை. உள்ளே போய் மனைவி கிருஷ்ணம்மாவிடம் சொன்னார். அவள் மீன் கழுவிக்கொண்டே, "நோவுதுண்ணா நோவுதுண்ணுதானே சொல்லும்" என்றாள். இவளிடம் போய்ச் சொன்னோமே என்று அவர் தன்னையே நொந்துகொண்டார்.

ஆனால் ஒன்றை அவர் யாரிடமும் சொல்லவில்லை. முன்னால் அத்தனை இரும்பை மாட்டுகிறானே, பின்னால் அதற்கு ஈடாகப் பாரம் எதுவும் வைக்கவில்லை. பக்கெட்டில் மண் ஏறி மேலே போனால் வண்டியின் பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். பிரேக் இருப்பது பின்சக்கரத்தில். இது நேற்று ஸ்டியரிங் பிடித்தவனுக்குக்கூடத் தெரியும். சொல்லியிருக்கலாம், மதிலுக்கு அந்தப் பக்கம்தான் ஆள் நிற்கிறான். தாணு சொல்லவில்லை. மூக்கு குத்தி விழட்டும், விழுகிற அன்று நாம் ஊரில் இருந்தால் போதும் என்று இருந்தார்.

துலாமாசமென்கிற ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் பிடித்தது. ஒரு விடியற்காலையில் தாணுவின் வீட்டுக்குப் பின்னாலிருந்த ரப்பர் விளையின் மண்திட்டு அப்படியே சரிந்து இறங்கியது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அடுக்களைச் சுவரில் பாதி உயரத்துக்குச் செம்மண் வந்து சாய்ந்து நின்றது. தண்ணீர் போகிற ஓடை மூடிவிட்டது. மண்ணுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, சுவர் உள்பக்கம் வேர்க்கத் தொடங்கியது.

தாணு பதறவில்லை. அஜீஷைக் கூப்பிட்டார். வண்டி வந்தது. பெரிய மஞ்சள் உடம்போடு ஒழுங்கை முகப்பில் வந்து நின்றதைப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சு நிறைந்தது. எதிர்வீட்டு ஊஞ்சலையும் இதையும் ஒருமுறை மாறிமாறிப் பார்த்துக்கொண்டார்.

வண்டி ஒழுங்கைக்குள் மூக்கை நீட்டியது. நின்றது. பின்னால் போய்க் கோணலாக வந்து பார்த்தது. மறுபடி நின்றது.

"எலே, பைய ஒடிச்சு எடு" என்றார் தாணு.

அஜீஷ் இறங்கி வந்தான். "ஒக்கூலா மாமா, கேறாது. மதிலு இடிக்கும்."

"யாருக்க மதிலு?"

"உங்களுக்க மதிலுதான்."

பஞ்சாயத்து ஒழுங்கையை அகலப்படுத்த வந்தபோது ராபின்சன் தன் பக்கம் விட்டுக்கொடுத்திருந்தான். தாணு ஒரு விரல்கடை விடவில்லை. அளந்து, கல் நட்டு, எல்லைக்கோட்டின் மேலேயே கருங்கல்லில் மதில் எழுப்பினார். மதில் என்றால் அப்படி ஒரு மதில் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. இப்போது அவருடைய வண்டியே அவருடைய வீட்டுக்கு வர முடியாமல் நின்றது.

"மதில ஒரு தட்டு தட்டினா கேறிடலாம் மாமா."

"உனக்க அப்பன் கெட்டின மதிலாலே அது?"

அவர்கள் இருவரும் இப்படி நின்று பேசிக்கொண்டிருந்தபோது, ஒழுங்கையின் எதிர்ப்பக்கத்தில் டுக்டுக்கென்று ஒரு எஞ்சின் சத்தம் எழுந்தது. கிருஷ்ணம்மா முன்னால் நடந்து வந்தாள். பின்னால் குட்டி டிராக்டர், அதன் மேல் லுங்கியும் பழைய பனியனும் போட்ட ராபின்சன். அன்று இரண்டாம் சனி, கோர்ட் கிடையாது.

"நான் விளிச்சேன்" என்றாள் கிருஷ்ணம்மா, யாரும் கேட்பதற்கு முன்பே. "எனக்க அடுக்களை ஆக்கும்."

தடுக்க வேண்டிய தேவையில்லை என்று தாணு நினைத்தார். அந்த வண்டி மதிலைத் தொடாமல் உள்ளே போயிற்று, சரி. மண்ணில் பக்கெட்டைக் குத்தட்டும். அவர் கோழிக்கூட்டருகே, நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

ராபின்சன் பக்கெட்டை ஈரமண்ணில் செருகி நிரப்பி லீவரை இழுத்தான். ஜாக்கிகள் நீண்டன. கைகள் மேலே கிளம்பின. அதே வேகத்தில் பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பி, காற்றில் சும்மா சுற்றின. வண்டி மூக்கால் நின்றது.

தாணுவுக்கு வயிறு குளிர்ந்தது.

ராபின்சன் கத்தவில்லை. லீவரைப் பையத் தளர்த்தி வண்டியைத் தரையில் இறக்கினான். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்து குனிந்து பார்த்தான்.

"பின்னால பாரம் வேணும்" என்றான்.

"அத நான் நீ முதல்ல கம்பி பிடிச்ச அண்ணைக்கே நெனச்சேன்" என்றார் தாணு. இத்தனை மாசம் வாய்க்குள் வைத்திருந்ததைச் சொல்லியதில் அவர் குரல்கூடக் கொஞ்சம் இனித்தது.

ராபின்சன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். "நெனச்சா சொல்லியிருக்கலாமே அண்ணா."

குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே அவனுக்குப் புரியாமல்தான் கேட்டான். கிருஷ்ணம்மா தாணுவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அஜீஷ் செல்போனை எடுத்து எதையோ தேடுகிற பாவனை செய்தான்.

தூறல் மறுபடி தொடங்கியது. ராபின்சன் சுற்றுமுற்றும் பார்த்தான். கல்லைக் கட்டித் தொங்கவிட இடமில்லை, மணல் மூட்டை வைத்தால் குலுக்கலில் விழுந்துவிடும். அவன் பார்வை திரும்பி வந்து தாணுவின் மேல் நின்றது. மேலிருந்து கீழ்வரை.

"அண்ணன் எத்தற கிலோ உண்டு?"

"எதுக்கு?"

"ஆளுண்ணா பிடிச்சிட்டு நிக்கும். அண்ணன் பின்னால ஒண்ணு கேறி நிண்ணா..."

"அஜீஷ் நிக்கட்டு."

"அவன் காத்தடிச்சா பறப்பான்" என்றாள் கிருஷ்ணம்மா. "நீங்கதான் கொள்ளாம். கேறுங்க. சுவரு நனையுது."

தாணு ஏறினார். கலப்பை மாட்டுகிற இரும்புச் சட்டத்தின் மேல் கால் வைத்து, சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். எஞ்சின் கிளம்பியது. பக்கெட் நிரம்பியது, எழுந்தது. பின்சக்கரம் தரையிலேயே இருந்தது. அவர் இருந்ததால் இருந்தது.

மண்ணை வாரி ஒழுங்கை முகப்பில் கொட்ட வேண்டும். போகும்போதும் வரும்போதும் அவர் தொங்கிக்கொண்டே போனார். தொழிலுறுப்பு என்கிற நூறுநாள் வேலைக்கு இறங்கி மழையில் ஒதுங்கி நின்ற பெண்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். அவர்களில் விஜயம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை.

"தாணு அண்ணன் என்ன, கிளியா கேறியாச்சா?"

பஸ்ஸின் வாசலில் தொங்கிக்கொண்டு ஆள் ஏற்றுகிற பையனுக்கு அந்தப் பக்கத்தில் கிளி என்றுதான் பெயர். பெண்கள் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். தாணு தூரத்துத் தென்னைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வாயை மூடிக்கொண்டு தொங்கவும் அவரால் முடியவில்லை. "தூக்கிப் பிடிச்சிட்டு ஓட்டாதே, தாழ்த்து" என்றார். ராபின்சன் தாழ்த்தினான். "சரிவில குறுக்க திரும்பாதே." திரும்பவில்லை. "மண்ண அடியில தோண்டாதே, மேலேருந்து எடு." எடுத்தான். ஒவ்வொன்றுக்கும் "செரி அண்ணா" என்றான். இவனுக்கு ரோஷம் என்று ஒரு சாமானமே கிடையாதா என்று தாணுவுக்கு எரிச்சல் மூண்டது. திட்டினால் சுருங்க வேண்டும், இல்லையென்றால் எதிர்த்துப் பேச வேண்டும். இவன் இரண்டும் செய்யாமல் கற்றுக்கொண்டிருந்தான்.

மத்தியானத்துக்குள் ஓடை திறந்தது. தேங்கியிருந்த தண்ணீர் குபுகுபுவென்று ஓடி இறங்கியது. அடுக்களைச் சுவர் நின்றது. ராபின்சன் பக்கெட்டைக் கழுவிவிட்டு, கிருஷ்ணம்மா தந்த சாயாவை முற்றத்தில் நின்றே குடித்தான்.

"அண்ணன் நிண்ணது கொண்டாக்கும் காரியம் நடந்தது" என்றான்.

அவன் கேலி செய்திருந்தால் தாணு பொறுத்திருப்பார்.

அடுத்த நாட்களில் அவர் வெளியே தலை காட்டவில்லை. போனால் எவளாவது, எவனாவது கிளி என்று கூப்பிடுவார்கள் என்று இருந்தது. அதைவிட, இன்னொரு மழைக்கு இன்னொரு திட்டு சரிந்தால் அந்த மஞ்சள் ஊஞ்சல் மறுபடி தன் பறம்பு மண்ணில் ஏறுமே என்ற நினைப்பு அவரை அரித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராபின்சன் குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து அஜீஷை வரச்சொன்னார்.

"மதில இடி" என்றார்.

அஜீஷ் நம்பாமல் பார்த்தான். "அண்ணைக்கு நான் சொன்னப்போ..."

"இடிலே. பஞ்சாயத்து கேட்ட அளவுக்கு உள்ள தள்ளிக் கெட்டலாம். இனி மண்ணு சாடினா நம்ம வண்டி வரணும். அந்தச் சாமானம் எனக்க மண்ணத் தொடப்பிடாது."

வண்டி மதிலை இடித்தது. அஜீஷ் கெட்டிக்காரன், ஒரு கல்கூட ஒழுங்கையில் சிதறாமல் வாரி உள்ளே போட்டான். வேலை என்றால் இது வேலை என்று தாணு பார்த்துக்கொண்டே நின்றார். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் அவருக்கு மூச்சு சீராக வந்தது.

முடிகிற சமயத்தில் ராபின்சன் கையில் பைபிளோடு திரும்பி வந்தான். மதில் இருந்த இடத்தைப் பார்த்தான். ஒழுங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அகலமாகத் திறந்து கிடந்தது. அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"வலிய உபகாரம் அண்ணா."

"உனக்க உபகாரத்துக்கொண்ணும் செய்யல்ல" என்றார் தாணு.

"இல்லண்ணா, இனி எனக்க டிராக்டரும் திருப்ப நல்ல சுகமாச்சு. இம்மட்டும் ரண்டு தவணையா ஒடிச்சு எடுக்க வேண்டியிருந்துது."

தாணு கல் குவியலைத் திரும்பிப் பார்த்தார். அஜீஷ் எஞ்சினை நிறுத்தியிருந்தான். கிருஷ்ணம்மா வாசலில் நின்று, முண்டின் நுனியால் வாயைப் பொத்தாமலேயே சிரித்தாள்.

"சாரே, சாயா குடிச்சிட்டு போணும்" என்று ராபின்சனைக் கூப்பிட்டாள்.

தாணு வீட்டுக்குள் போய் மின்விசிறியை வேகமாக வைத்துக்கொண்டு படுத்தார். அடுக்களையில் மூன்று பேரும் பேசுகிற சத்தம் அதற்கு மேலேயும் கேட்டது.