குன்று விடுபட்ட நகரம்

டண்டீ நகரை ஒட்டி இரண்டு மைல் அகலத்துக்கு ஓடிய டே நதி, அக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், விடிவதற்குள் ஒரு தெருவின் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. டண்டீக்காரர்கள் தேநீரும் கையுமாகச் சன்னலைத் திறந்தபோது அக்கரை நியூபோர்ட்டின் வீடுகள் முகத்துக்கு நேரே நின்றன. அங்கே கொடியில் தொங்கிய உள்ளாடைகளின் நிறத்தைக்கூடச் சொல்ல முடிந்தது. பாலத்தில் ஏறிய ரயிலின் தலை அக்கரையில் இருக்க, வால் இன்னும் இக்கரை நிலையத்தை விடவில்லை. நடு ஆற்று மணல்திட்டில் படுத்துக் கிடக்கும் கடல்நாய்கள் இடம் போதாமல் கரையோரச் சாலையில் ஏறிப் படுத்துக்கொண்டன, பேருந்துகள் அவற்றைச் சுற்றிக்கொண்டு போயின. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீட்டுக்கு ஒருவர் வீடியோ கேம் செய்து பிழைக்கும் ஊர் அது. டண்டீயையே களமாக வைத்துச் செய்த சூப்பர்ஹீரோ கேம் அந்த வெள்ளிக்கிழமைதான் விற்பனைக்கு வந்தது. கேமில் நதி குறுகலாக இருந்தது, அதனால் ஊரிலும் குறுகிவிட்டது.

கேமின் நாயகனும் ஊருக்குள் வந்துவிட்டான். அவனுக்குப் பெரிய பெயர் ஏதோ உண்டு. ஊரில் அவனைத் தாவுகாரன் என்றே சொன்னார்கள். சாம்பல் நிற உடுப்பில் கூரைக்குக் கூரை தாவுவான். உலகத்தின் எந்த மூலையில் யார் அவனை ஆட்டுகிறார்களோ அதைப் பொறுத்தது அவன் நடத்தை. கெட்டிக்காரர் கையில் கிடைத்த நாளில் திருடர்களை விளக்குக்கம்பத்தில் கட்டிப்போடுவான். கற்றுக்குட்டி கையில் மாட்டிய நாளில் தேவாலயச் சுவரைப் பார்த்தபடி மதியம் முழுக்க நடந்துகொண்டே இருப்பான். பேக்கரி நடத்தும் திருமதி கிரைட்டனைத் தீயிலிருந்து காப்பாற்றித் தூக்கிக்கொண்டு போய் மணிக்கூண்டின் உச்சியில் வைத்தான். தீ எதுவும் இல்லை, பிரைடி என்ற இறைச்சிப் பணியாரம் அடுப்பில் வெந்துகொண்டிருந்த புகைதான். அந்தம்மா இறங்கி வருவதற்குள் ஒரு தட்டு முழுக்கக் கருகிவிட்டது.

நதி சுருங்கியதில் மற்றவர்களுக்கு வியப்பு என்றால், நியூபோர்ட்டில் குடியிருந்த ரோனா பெட்ரிக்கு வயிற்றெரிச்சல். அந்த இரண்டு மைல் தண்ணீருக்காகத்தான் அவள் அக்கரைக்கே குடிபோனாள். இக்கரையில் அவள் விட்டுவிட்டு வந்த கணவன் டூகல் மில்ன்தான் அந்தக் கேமுக்காக டண்டீயை அளந்து அடுக்கியவன். ஆடுபவர் அலுத்துப்போகாதபடி ஊரில் சும்மா கிடக்கும் இடத்தையெல்லாம் கழித்துவிட்டு, மிச்சத்தை ஒட்டவைப்பது அவன் வேலை. வீட்டிலும் அவன் அப்படித்தான். அவர்களுக்கு எல்ஸ்பெத் என்றொரு மகள் பிறந்து, ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள். அடக்கத்தன்று டூகல் இடுகாட்டு வாசலில் காரை விட்டு இறங்கவே இல்லை. வீடு திரும்பியதும், அந்த அறைக்கு வேறு வண்ணம் அடிக்கலாமா என்று கேட்டான். ரோனா சண்டை போடவில்லை, கொஞ்ச நாளில் பெட்டியைக் கட்டிவிட்டாள். இப்போது அவன் சமையலறைச் சன்னல் அவள் சன்னலுக்கு எதிரே இருந்தது, அவன் ரொட்டி கருகும் வாடை தினமும் அவள் வீட்டுக்குள் வந்தது. தன்னை நெருங்கத்தான் ஆற்றைச் சுருக்கினானோ என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில் ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது, அதற்காக வெட்கப்பட்டாள். எதை உணர வேண்டும் என்றே அவளுக்குப் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பூ வாங்கிக்கொண்டு பாலத்தைக் கடந்து, எல்ஸ்பெத் இருக்கும் பால்கே குன்று இடுகாட்டுக்குப் போனாள். குன்று இல்லை. அதற்குக் கிழக்கே இருந்த தெருவும் மேற்கே இருந்த தெருவும் நேராக ஒட்டிக்கொண்டிருந்தன, நடுவே ஒரு கோடுகூடத் தெரியவில்லை. இரண்டு தெருவையும் மூன்று தடவை சுற்றினாள். நாயைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு கிழவரைக் கேட்டாள்.

"பால்கே குன்றா? இங்கதாம்மா எங்கேயோ இருந்துச்சு. வியாழக்கிழமைகூட ஏறினோம்," என்றார் அவர். "இவனும் காலையிலேருந்து மோந்து மோந்து பார்க்கிறான், கிடைக்கல."

பூவோடு வந்தவர்கள் அவள் ஒருத்தி மட்டுமல்ல. அம்மாவைத் தேடியும் புருஷனைத் தேடியும் பலர் அந்த முனையில் திரிந்துகொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் அலுத்துப்போய்ப் பூவை விளக்குக்கம்பத்தின் அடியில் வைக்க, மற்றவர்களும் அங்கேயே வைத்தார்கள். ரோனாவுக்கு மனம் ஒப்பவில்லை. மகள் போனாள், சரி. போன இடமும் போய்விட்டால் அவள் பிறந்ததற்கு என்னதான் மிச்சம்? பூவைக் கையில் பிடித்தபடியே டூகலின் கதவைத் தட்டினாள்.

"குன்று எங்க, டூகல்?"

"எடுத்துட்டேன்."

"உனக்கு எப்பவும் அவ ஒரு வேண்டாத இடம். அதான் எடுத்துட்ட."

"இல்ல ரோனா," என்றான். "அங்க தாவுகாரன் யாரைக் காப்பாத்துவான்? எங்கேயோ உக்காந்திருக்கிற எவனோ ஒருத்தன் ஆட்டிவிட, அவன் கல்லுக்குக் கல்லு தாவி நம்ம புள்ள மேல ஏறிக் குதிப்பான். நினைச்சுப் பார்க்க முடியல. ஊரு இப்படி ஆகும்னு எனக்கென்ன தெரியும்?"

இப்படி ஒரு பதிலை ரோனா எதிர்பார்க்கவில்லை. வழிநெடுக யோசித்து வைத்திருந்த திட்டெல்லாம் உதவாமல் போயிற்று. குன்றைத் திருப்பி வை என்றாள்.

"வைக்கலாம். ஆனா அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாதே."

அவனை அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் உள்ளே போய், அவன் கணினிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்றும் அதற்கடுத்த மாலைகளிலும் அவள் சொல்லச் சொல்ல அவன் திரையில் குன்றைக் கட்டினான். இரும்புக் கேட், அங்கிருந்து வளையும் பாதை, சணல் ஆலை மேஸ்திரி ஒருவரின் உயரமான கல்லறைக் கல், அதைத் தாண்டினால் யூ மரம். மரம் பாதைக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று அவன் கேட்டபோதுதான், தனக்கே நிச்சயமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அத்தனை ஞாயிறும் குனிந்த தலை நிமிராமல் போய் வந்திருக்கிறாள். எதிரே உட்கார ஏதாவது உண்டா என்று கேட்டான். பெஞ்சு இருக்கிறது என்றாள். இருந்ததா, கால் கடுத்த நாளெல்லாம் இருக்கக்கூடாதா என்று நினைத்ததா, அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவன் மேற்கொண்டு கேட்காமல் பெஞ்சை வைத்தான்.

அங்கே ஆடுபவர் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றான் டூகல். குன்றில் தாவுகாரன் தாவ முடியாது, நடக்கத்தான் வேண்டும் என்றும் ஒரு விதி போட்டான். செய்தி தெரிந்ததும் உலகம் பூராவும் ஆட்டக்காரர்கள் டூகலைத் திட்டித் தீர்த்தார்கள். ஆனாலும் ஒரு புதன்கிழமை புதிய பதிப்பு வெளியாயிற்று, மதியத்துக்குள் பால்கே குன்று திரும்பி வந்துவிட்டது. மரம் பக்கம் மாறியிருக்கிறது என்றார்கள் சிலர். மேஸ்திரியின் கல் முன்பு கிழக்கே பார்த்திருந்தது என்று சாதித்தார் நாயோடு வந்த கிழவர். நாய் ஆட்சேபம் எதுவும் சொல்லவில்லை. நதியை அகலமாக்கச் சொல்லி இரு கரையிலிருந்தும் மனு போயிற்று. அதில் ரோனா கையெழுத்துப் போடவில்லை.

அடுத்த ஞாயிறு இருவரும் கேட்டிலிருந்து நடந்தார்கள். ஊரையே சுருக்கியவன் அந்தப் பாதையில் ஓரடிகூடக் குறைக்கவில்லை. பழைய பாதையைவிட அது நீளம் என்றே ரோனாவுக்குப் பட்டது. யூ மரத்தைத் தாண்டி, மகளின் கல்லின் முன்னால் டூகல் நின்றான்.

"கல்லு இவ்வளவு சின்னதாவா இருக்கும்?"

"அவ அவ்வளவுதானே இருந்தா," என்றாள் ரோனா.

அவன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதான். இத்தனை நாள் அழாததையெல்லாம் சேர்த்து அழுதான். அவள் தடுக்காமல் பக்கத்தில் இருந்தாள். சற்று நேரத்தில் தாவுகாரன் பாதையில் மெல்ல நடந்து வந்தான். எந்த ஊரிலோ அவனை ஆட்டிக்கொண்டிருந்தவர் சாப்பிட எழுந்து போய்விட்டார் போல, அவர்கள் எதிரே வந்ததும் அப்படியே நின்றுவிட்டான். தூறல் போட ஆரம்பித்தது. ரோனா டூகலை ஒட்டி நகர்ந்து இடம் விட்டாள், ஆட்ட ஆளில்லாமலே தாவுகாரன் ஓரமாக உட்கார்ந்துகொண்டான்.