பக்கத்து வீட்டு எர்த்துக் குழி

“புள்ளத்தாச்சி வர்ற வீட்டுல கடப்பாரைய எடுத்து மண்ணுல இறக்குவீங்களா? பெத்த அப்பன் செய்யுற வேலையா இது?”

பத்மாசினி கேட்டது பசுமலை மெயின் ரோடு வரை போயிருக்கும். அதுவரை அவளும் அவள் கணவர் சௌரிராஜனும் சௌராஷ்டிர மொழியில்தான் சண்டை போட்டார்கள். எதிர்வீட்டு மாடியில் ஒரு சொல்லும் புரியாமல் காய்ந்த துணியையே உதறிக்கொண்டிருந்தேன். நல்ல இடம் வந்ததும் தமிழுக்கு மாறினார்களே, அது புண்ணியம்.

மூத்த மகள் இந்துப்ரியாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து வெள்ளிக்கிழமை தாய்வீடு வருகிறாள். கர்ப்பிணி வந்து தங்கப்போகும் வீட்டில் மண்ணைத் தோண்டக்கூடாது, ஆணிகூட அடிக்கக்கூடாது என்பது பத்மாசினியின் கட்சி. சௌரிராஜனுக்கு வேறு பயம். கிரைண்டர் ஓடும்போது அடுக்களைக் குழாயைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது. வீடு கட்டிய காலத்தில் எர்த் ஒயரைத் தண்ணீர் வரும் இரும்புக் குழாயில்தான் கட்டியிருந்தார்கள். போன வருஷம் அந்தக் குழாயில் மண்ணுக்குள் துருப்பிடித்த பகுதியைப் பிடுங்கிப் பிளாஸ்டிக் போட்டார் மனிதர். தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். கசிகிற கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லாமல் குழாய் வாயிலேயே உட்கார்ந்துகொண்டது.

எலக்ட்ரீஷியன் சிவனாண்டி ஒரு பெட்டியும் இரும்புக் கம்பிகளுமாக வாசலில் நின்றார். குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு இரும்புக் குழாய் இறக்க வேண்டும். பிறகு தள்ளித் தள்ளி இரண்டு கம்பியை மண்ணில் அடித்து, ஒயர் மாட்டிப் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினால், மண் கரண்டை ஒழுங்காக வாங்குமா என்று முள் காட்டிவிடுமாம். ஆக, தோண்டவும் வேண்டும், அடிக்கவும் வேண்டும்.

“அப்ப அவ வர வேணாம். மாமியார் வீட்டுலயே பெத்துக்கட்டும்” என்றார் சௌரிராஜன். சொன்ன மறுகணம் அவர் முகமே சுருங்கிவிட்டது. பத்மாசினி தோண்ட வேண்டிய இடத்திலேயே உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுச் செல்லத்தாய், கீழக்குயில்குடியில் வயல் வைத்திருக்கும் முத்திருளனின் சம்சாரம். சுவர் தாண்டி வந்த அவள் முருங்கைக் கிளையைப் பத்மாசினி வெட்டிவிட்டதில் இருவருக்கும் பேச்சு நின்று வருஷமாகிறது. புருஷன் பெண்டாட்டி சண்டை ஆரம்பித்ததிலிருந்து செல்லத்தாய் சுவரோரம் ஒரே சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னை ஏமாற்ற முடியுமா?

“எங்க வீட்டுல புள்ளத்தாச்சி யாரும் இல்லக்கா. இங்கிட்டு எம்புட்டு வேணும்னாலும் தோண்டச் சொல்லுங்க” என்றாள், சட்டியைப் பார்த்தபடியே.

பத்மாசினி நிமிர்ந்தாள். “உப்புக் கொட்டுவாங்களாம். உன் முருங்கை பட்டுப்போகும் செல்லத்தாயி.”

“போனாப் போகுது. மரந்தான?”

குழி செல்லத்தாய் மண்ணில் விழுந்தது, கம்பிகளும் அங்கேயே இறங்கின. சிவனாண்டி கைப்பிடியைச் சுற்றினார். முள் ஏறிப்போய் நின்றது; மண் காய்ந்து கிடக்கிறது, தண்ணீர் வேண்டும் என்றார். பத்மாசினி குடம் குடமாகச் சுவர்மேல் எடுத்துக் கொடுக்க, செல்லத்தாய் வாங்கி வாங்கி ஊற்றினாள். முள் இறங்கியது. ஒயர் சுவரேறிப் பத்மாசினி வீட்டுக்கு வந்தது. ஆணி கூடாது என்பதால் ஜன்னல் கம்பியில் கயிற்றால் கட்டினார்கள். கிரைண்டரையும் பிரித்துக் கசிவைச் சரிசெய்தார் சிவனாண்டி.

சர்க்கரை கேட்கும் சாக்கில் நான் அதற்குள் அவர்கள் அடுக்களைக்கே போயிருந்தேன். கிரைண்டரை ஓடவிட்டு, குழாயைத் தொடச் சௌரிராஜன் கை நீட்டினார். பத்மாசினி அந்தக் கையைத் தட்டிவிட்டுத் தன் ஈரக்கையை வைத்தாள். பதறிப்போய் அவரும் அவள் கைமேல் கை வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. கிரைண்டர் நின்ற பிறகும் இருவரும் கையை எடுக்கவில்லை. எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. சர்க்கரை வாங்காமலே வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இந்துப்ரியா வந்தாள். இரண்டு மாதம் கழித்துச் சுகப்பிரசவம், பெண் குழந்தை.

குழி காயக்கூடாது, தினமும் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்லியிருந்தார் சிவனாண்டி. அந்தப் பொறுப்பை இளைய மகள் மீனலோசனி எடுத்துக்கொண்டாள். செல்லத்தாயின் மகன் சூரியபிரகாஷ், பாலிடெக்னிக் முடித்தவன், குடத்தை வாங்கி ஊற்ற ஒத்தாசை செய்தான். ஐப்பசி அடைமழையிலும் அந்தக் குழிக்கு இரண்டு வேளை தண்ணீர் போவதை முதலில் கவனித்தது நான்தான். நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

பாஷை வேறு, சாதி வேறு; விஷயம் காதில் விழுந்ததும் இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் சோறு இறங்கவில்லை. முத்திருளன் வயலே கதி என்று கிடந்தார். பிறகு அம்மாக்கள் இருவரும் சுவரோரமாகவே பேசி முடித்தார்கள். வைகாசியில் கல்யாணம். ஓசூர் கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்து, ஆடிக்கு முன்பே இருவரும் அங்கே குடிபோய்விட்டார்கள்.