தண்ணி பாட்டிலுக்கு ஒரு கொக்கி

நான் வெல்டர்; கிரேன் தூண்களைப் பற்றவைக்கிறவன். பற்றவைத்த கையோடு பெயிண்ட் அடித்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். சுமை தூக்கும் ஒவ்வொரு தடவையும் கிரேனின் தூண் வளைந்து நிமிர்கிறது. லட்சம் தடவை வளைந்தால் இரும்பும் அலுத்துப்போகும்; எங்கே சின்னக் கரடு இருக்கிறதோ அங்கே விரிசல் விடும். அதனால் இணைப்பின் ஓரத்தையெல்லாம் மழமழவென்று தேய்த்து, சுத்தியலால் தட்டி இறுக்கிவிட்டுத்தான் நகர்வேன்.

"மச்சான் இரும்புக்கு மேக்கப் போடுறாரு" என்று சிரிப்பார், அந்தக் கிரேனை ஓட்டிய என் தங்கை புருஷன்.

போன வருஷம் தங்கை கேட்டாள்: "அண்ணே, மேல தண்ணி பாட்டில் உருண்டு உருண்டு அவர் கால்ல சிக்குதாம். கைக்கு எட்டுற மாதிரி ஒரு கொக்கி வச்சுக் குடேன்."

அஞ்சு நிமிஷ வேலை. அவர் உட்காரும் அறையை ஒட்டிய தூணில் பற்றவைத்துவிட்டு இறங்கினேன். பாட்டில் தொங்குகிற கொக்கியைப் போய் யார் தேய்ப்பார்கள்?

செவ்வாய்க்கிழமை தூண் முறிந்து மச்சான் போய்விட்டார். முறிந்த இடத்தை நானே பார்த்தேன். என் இணைப்புகள் அத்தனையும் கல்லு மாதிரி நின்றன. விரிசல் அந்தக் கொக்கியின் அடியிலிருந்து கிளம்பியிருந்தது.

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எதனாலண்ணே முறிஞ்சுது?"

கொக்கி கேட்டவள் அவள். அதனால்தான் முறிந்தது என்று தெரிந்தால் ஆயுசுக்கும் தூங்கமாட்டாள்.

"தூண் இணைப்பை நான் சரியாத் தேய்க்கலம்மா" என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.