தை மாதத்து அருகம்புல்

ராமச்சந்திரன் சார் வாசல் லானில் குந்தி உட்கார்ந்து புல்லை ஒரு கொத்து பிடித்து இழுத்தார். வைக்கோல் நிறத்தில் மேல்தாள் மட்டும் கையோடு வந்தது.

“அம்சவேணி, இங்க வா. இது செத்துப் போயிடுத்தா?”

பாத்திரம் தேய்த்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். சாகவில்லை. டெல்லிக் குளிருக்கு அருகம்புல் மார்கழியில் பழுத்துப்போய்த் தூங்கும். ஹோலி கழிந்து வெயில் ஏறினால் தானே எழுந்துவிடும். முப்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறவளுக்கு இது தெரியாதா? சென்னையிலிருந்து போன சித்திரையில்தான் மாற்றலாகி வந்தவருக்கு இது முதல் குளிர். கல்யாணத்துக்குக் கல்யாணம் ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி’ என்று அட்சதை போட்டிருப்பார். அருகு எப்படி வேரோடும் என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

“அடுத்தாத்து மிஸ்ராஜி லானைப் பாரு, பச்சைப் பசேல்னு இருக்கு” என்றார். அது ஐப்பசியில் தூவிய குளிர்காலப் புல். வெயில் வந்தால் கருகிவிடும். அதையும் அவள் சொல்லவில்லை.

அவள் குடியிருந்த தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்பை இடிக்கப்போகிறார்கள் என்றதும், மாற்று வீட்டுப் பட்டியலில் தன் பெயர் விட்டுப்போனதற்கு இங்கிலீஷில் ஒரு மனு எழுதித் தரும்படி மே மாதம் முழுக்க இவரிடம்தான் கேட்டாள். ஒரே ஒரு பக்கம். “பாக்கலாம்” என்றார். தினமும் “பாக்கலாம்”. கெடு முடிந்தது, புல்டோசர் வந்தது. மறுநாள் அழுதுகொண்டு வேலைக்கு வந்தவளிடம் காபியை உறிஞ்சியபடி சொன்னார்: “அரசாங்க நிலம். என்னிக்கு இருந்தாலும் பிடுங்கித்தானே ஆகணும்?”

அடுத்த மாதமே, மழை விழுந்ததும், இந்தப் புல்லை நட்டவள் அவள்தான். பதர்பூர் வாடகை அறையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, ஒவ்வொரு கணுவாகக் கிள்ளி, விரல் நுழையும் குழியில் வைத்து மூடினாள். வயிறு எரிய எரியத்தான் நட்டாள். ஆனாலும் புல் பிடித்துக்கொண்டது.

“செத்துதான் போச்சு சார்” என்றாள்.

அவர் முகம் விழுந்துவிட்டது. “ஆயுசு பூரா மாடி வீடுதான். முதல் தடவையா எனக்குன்னு நாலு அடி புல். தினம் வெறுங்காலோட நடப்பேனே, பார்த்திருக்கியோன்னோ? நான்தான் தண்ணி சரியா விடலையோ?”

காய்ந்த புல்லை உள்ளங்கையால் தடவிக்கொடுத்தார். அம்சவேணிக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு இளகியது. மாசி போய்ப் பங்குனி வரட்டும் சார் என்று சொன்னால் போதும். வாய்வரை வந்துவிட்டது.

“டைல்ஸ் போட்டுடலாம்னு எங்காத்துல ருக்கு சொல்றா. இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமா?”

பாக்கலாம். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் வந்த பேச்சு உள்ளேயே போய்விட்டது.

“எதுக்கு சார் பாக்கணும்? என்னிக்கி இருந்தாலும் புடுங்கித்தானே ஆவணும்.”

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தான் சொன்ன வாக்கியம் என்று ஒரு துளியாவது உறைக்கும் என்று காத்திருந்தாள். அவர் தலையை ஆட்டினார். “அதுவும் சரிதான்” என்று உள்ளே போய் மண்வெட்டியை எடுத்துவந்தார். அவருக்கு அது ஞாபகமே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவரே வெட்டினார். நாலாவது வெட்டில் ஒரு கட்டி மண் புரண்டது. அடியில் வேர்த்தண்டுகள் வெள்ளை வெளேரென்று, விரைத்து, ஒன்றை ஒன்று பின்னிக்கொண்டு கிடந்தன.

“இது என்ன, வெள்ளையா?” கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

“வேரு சார். செத்த வேரு.”

ஒரு கணுவில் அரிசி முனை அளவுக்குப் பச்சை எட்டிப்பார்த்தது. அவர் கண் அதன்மேல் போவதற்குள் அம்சவேணி செருப்பைக் கழற்றிவிட்டு ஓரடி முன்னால் வந்து, வெறுங்காலை அதன்மேல் வைத்தாள். மண் ஜில்லென்று இருந்தது. உள்ளங்காலில் அந்த முளை ஊசிபோல் குத்தியது. காலை எடுக்காமல் நின்றாள்.

“அந்தப் பக்கம் வெட்டுங்க சார்.”