படத்தில் வந்த கை

"மீ லாபி!" என்று பசுந்தாங் சந்து முழுக்கக் கூவல் எழுந்தது. மின்சாரம் வந்துவிட்டால் ரங்கூனில் சின்னது பெரியது எல்லாம் இப்படித்தான் கத்தும். உம்மு சல்மா அடுப்பை அப்படியே போட்டுவிட்டு மருமகள் ஸமீராவை மடிக்கணினி முன்னால் உட்கார வைத்தாள்.

"படத்தப் போடு புள்ள. திரும்பப் போறதுக்குள்ள காக்கா கையப் பாத்துரணும்."

காக்கா என்றால் அண்ணன் சுலைமான். கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்ட மறு வருஷம் கப்பலேறி லண்டன் போனவன், அங்கேயே மவுத்தாகி அடக்கமும் ஆகிவிட்டான். வீட்டிலிருந்த ஒரே போட்டோவைக் கறையான் தின்றது. இப்போதெல்லாம் அவன் முகம் சல்மாவுக்கு நினைவுக்கு வருவதில்லை. அதை நினைத்தால் தன் மேலேயே கோபம் வரும்.

படம் பார்க்கப் போன நாள் மட்டும் அப்படியே இருந்தது. அப்போது அவள் பாவாடை கட்டிய பெண். கப்பலில் வேலை பார்த்த பீர் முகைதீன் சேதி கொண்டுவந்தார்: சுலைமான் வெள்ளைக்காரப் பேய்ப்படம் ஒன்றில் நடித்திருக்கிறான், படத்தில் ஒரு கை தனியாக வரும், அது அவன் கை. படம் ரங்கூனுக்கு வந்ததும் குடும்பமே புறப்பட்டது. சினிமா என்றாலே முகம் சுளிக்கும் உம்மாகூட பெட்டியிலிருந்த பட்டுச் சேலையை எடுத்துக் கட்டினாள். கொட்டகையில் சூரியகாந்தி விதைத் தோல் காலடியில் நொறுநொறுத்தது. எவ்வளவு சந்தோஷம்! பிள்ளைக்கு நிக்காஹ் என்றாலும் உம்மா அப்படிப் பூரித்திருக்க மாட்டாள்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வெள்ளை உறை மாட்டிய கை ஒன்று இருட்டிலிருந்து நீண்டு, மதுக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போயிற்று. "காக்கா!" என்று தம்பி கைதட்டினான். உம்மா எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள். மற்றவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் சுலைமான் பேரை எடுக்கக் கூடாது. "மார்க்கத்த விட்டவன் எனக்குப் புள்ள இல்ல." ஒரே பேச்சு. அவன் ஆள் மூலம் சொல்லியனுப்பிய சலாமுக்குப் பதில் சலாம் போகவில்லை. உம்மா அந்தப் பிடிவாதத்தோடேயே கண்ணை மூடினாள். காக்கா நிஜமாகவே மாறிப்போனானா என்பது மட்டும் சல்மாவுக்கு இன்றுவரை உறுத்தல்தான்.

இப்போது மடிக்கணினியிலும் அதே மதுக் கிண்ணம் வந்தது. சல்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அதுக்குள்ள என்ன மாமி? இதுல நாலு கதை. இது முதக் கதைதான்."

சல்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு படத்துக்கு நாலு கதை இருக்கும் என்று அன்று யார் கண்டார்கள்?

படம் எடுத்த கதையைச் சொல்லும் துண்டுப் படம் ஒன்றும் கூடவே இருந்தது. ஸமீரா அதைப் போட்டாள். பல்லெல்லாம் போன டைரக்டர் ஒருவர் சிரித்துச் சிரித்துப் பேச, அவள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"உறை போட்ட கை கதாநாயகனோடதாம். கடைசிக் கதையில சாப்பாட்டு மேசையில ஊந்து வர்ற கைதான் கேன்டீன்ல டீ போட்ட ரங்கூன்காரரோடது. மேசையப் பொளந்து, அடியில அவரக் குந்த வச்சாங்களாம். எதிர்ல இருக்கிற கண்ணாடியப் பாத்துக்கிட்டே கைய நகர்த்தணும். கத்திய எடுன்னு சொன்னா, எத்தன தடவ படம் புடிச்சாலும் அந்தக் கை மொதல்ல உப்புக் கிண்ணத்தத் தொட்டுட்டுத்தான் கத்திக்குப் போச்சாம். ஏன்னு யாருக்கும் புரியலயாம். பாக்கப் பயமா இருந்துச்சாம், அப்படியே விட்டுட்டாங்களாம்."

கடைசிக் கதை ஓடியது. நீள விரல்கள் தட்டுகளைத் தாண்டி ஊர்ந்து வந்தன. உப்புக் கிண்ணத்தின் அருகே நின்றன. ஆள்காட்டி விரல் உப்பை லேசாகத் தொட்டது. ஸமீரா காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டாள். சல்மா விம்மி விம்மி அழுதாள்.

"பயமா இருக்கா மாமி?"

"பயமென்ன பயம்! பிஸ்மி சொல்லி உப்பத் தொடாம சோத்துல கை வச்சா உம்மா பொறங்கையில போடுவா. லண்டன்ல மேசைக்கடியில குந்தியிருந்தும் காக்கா அத மறக்கலடி."

திரையில் அந்தக் கை கத்தியை எடுத்து யாரையோ துரத்திக்கொண்டிருந்தது. சல்மாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

"உம்மா, இன்னுங் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கக் கூடாதா?" என்றாள், பக்கத்திலிருந்த காலி நாற்காலியைப் பார்த்து.