பதினேழாவது கேள்வி

அன்பரசு நல்லவன். அதில் ஜான்சிக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த நல்லவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம், எந்தப் படிவத்தைக் கையில் கொடுத்தாலும் உடனே பூர்த்தி செய்துவிடுவார்கள்.

கடலூரில் ஜான்சியின் சபைப் போதகர், கல்யாண ஓலை வாசிப்பதற்கு முன்னால் ஜோடிக்கு ஒரு தாள் கொடுப்பார். நாற்பது கேள்வி. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, ஆம் அல்லது இல்லை என்று டிக் அடித்து, கீழே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதற்கப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இருவர் பெயரையும் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார். அந்த நேரம் பார்த்து எவராவது இருமினால்கூடப் பெண்ணைப் பெற்றவர்களுக்கு உயிர் போய் உயிர் வரும். நாளைக்கு முதல் ஓலை. தாள் இன்று மாலைக்குள் போதகர் கைக்குப் போயாக வேண்டும்.

சிதம்பரத்தில் இருந்த அன்பரசு முந்தின நாளே தாளைப் படம் எடுத்து அனுப்பிவிட்டான். நாற்பதுக்கும் ஆம். ஒன்று விடவில்லை. பன்னிரண்டாவது கேள்வி, உங்களில் யாருக்காவது குடிப்பழக்கம் உண்டா என்பது. டீயைத் தவிர எதையும் தொடாத மனிதன் அதற்கும் ஆம் போட்டிருந்தான். கூடவே ஒரு செய்தி: 'நீ வந்து சைன் போட்டாப் போதும்.'

ஜான்சி சிரித்துக்கொண்டேதான் படித்தாள். பதினேழாவது கேள்வியில் சிரிப்பு நின்றுவிட்டது. 'முன்பு இருந்த உறவுகளைப் பற்றி ஒருவருக்கொருவர் மறைக்காமல் பேசினீர்களா?' ஆம்.

எங்கே பேசினார்கள்? வாலிபர் முகாமில் சந்தித்து எட்டு மாதமாகப் பழகுகிறார்கள். இட்லிக்கு எந்தச் சட்னி என்பது வரை பேசியாயிற்று. இதை மட்டும் அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மஞ்சக்குப்பத்தில் அவளோடு ஒரே ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் பவானி, விஷயம் தெரிந்த ஒரே ஆள். "சொல்லித் தொலையாதடி. வாய வச்சிக்கினு சும்மா கையெழுத்துப் போடு," என்றாள்.

"பொய்யில கையெழுத்துப் போட்டு, அத வச்சி கோயில்ல ஓலை வாசிக்கிறதா?"

"அப்ப போ. போயி அழுதுட்டு வா."

அழுவதற்கு ஒன்றும் போகவில்லை என்று ஜான்சி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சனிக்கிழமை காலை பஸ் ஏறினாள். ஆனால் அவனைப் பிடித்திருந்தது. இருபத்தொன்பது வயதில் ஒருவனை இவ்வளவு பிடித்துத் தொலைத்துவிட்டால் கஷ்டம்தான்.

சிதம்பரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி. அன்பரசு ஓரத்து மேஜையில் தாளையும் பேனாவையும் தயாராக வைத்திருந்தான். அவள் உட்கார்ந்ததும், "ஒரு விஷயம் சொல்லணும். சொல்லவே கஷ்டமா இருக்கு," என்றாள். கஷ்டம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அந்த மனிதன் கண்ணை மூடிக் கையைக் கூப்பி ஜெபிக்க ஆரம்பித்துவிட்டான். அவளுடைய வேலைக்காக, உடம்புக்காக, அவள் அப்பா தேவசகாயத்தின் முழங்கால் வலிக்காக. ஜெபம் முடிவதற்குள் டீயில் ஆடை கட்டிவிட்டது. ஆமென் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னாள். சொன்ன கையோடு மற்றதையும் சொல்லிவிட்டாள்.

"புதுச்சேரில வேல பாத்தப்ப ஒருத்தர் கூடப் பழகுனேன். ரெண்டு வருஷம். கல்யாணம் பண்ணிக்கிறதா இருந்தோம், நடக்கல. புருஷன் பொண்டாட்டிக்குள்ள இருக்குறதெல்லாம் எங்களுக்குள்ள இருந்துச்சி. முடிஞ்சி அஞ்சு வருஷம் ஆவுது. இப்பப் பேச்சுவார்த்த இல்ல."

அன்பரசு பேனாவின் மூடியைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். முகம் வெளுத்துவிட்டது. பிறகு முதுகை நிமிர்த்தி, குரலைப் போதகர் மாதிரி தாழ்த்திக்கொண்டு, "பரவால்ல ஜான்சி. நான் உன்ன மன்னிச்சிட்டேன்," என்றான்.

ஜான்சிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் உங்ககிட்ட மன்னிப்பு கேக்கலியே."

"இல்ல, நான்..."

"கேக்க வேண்டிய எடத்துல கேட்டுட்டேன். கெடச்சிடுச்சின்னு நம்புறேன். உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னு சொல்ல வந்தேன், அவ்ளோதான். நீங்க எனக்கு எதுக்கு மன்னிப்பு குடுக்குறீங்க? ஒங்களுக்கு நான் இன்னா பண்ணேன்?"

கையெழுத்துப் போடாமலே அவள் எழுந்துவிட்டாள். வெளியே கடலூர் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கண் தளும்பியது. பவானி சொன்ன மாதிரியே ஆகிவிட்டதே என்பதில் அழுகை இன்னும் கூடியது. நாளைக்கு ஓலை வாசிக்கவில்லையென்றால் அப்பாவிடம் என்ன சொல்வது? அப்பா கிடக்கட்டும், இவனில்லாமல் அவள் என்ன செய்வாள்?

பஸ் நகர்ந்த பிறகு பின்படிக்கட்டில் யாரோ தொற்றிக்கொண்டு ஏற, கண்டக்டர் திட்டுவது கேட்டது. திரும்பிப் பார்த்தாள். அன்பரசு. ஒரு கையில் தாள், தலையெல்லாம் கலைந்து, மூச்சு வாங்க நின்றான். அவள் பக்கத்தில் ஒரு அம்மா மடியில் கீரைக்கூடையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அன்பரசு கம்பியைப் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு யார் மேலாவது சாய்ந்து திட்டு வாங்கிக்கொண்டே வந்தான். புதுச்சத்திரத்தில் கீரைக்கூடை இறங்கியது. அவன் வந்து உட்கார்ந்தான்.

ஆலப்பாக்கம் நெருங்கும்போது, முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்:

"மன்னிச்சிட்டேன்னு சொன்னது தப்பு. கோவமே வரல எனக்கு. பயம்தான் வந்துச்சி."

"இன்னா பயம்?"

"எனக்கு முப்பத்திமூணு வயசாவுது. ஒரு பொண்ணு கையக்கூடப் புடிச்சதில்ல. ஒண்ணுமே தெரியாது. நாளைக்கு நீ என்னையும் அவரையும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாத்து, இவன் ஒண்ணுத்துக்கும் ஆவலன்னு நெனச்சிக்கினா, நான் எங்க போயி நிக்கிறது? அத மறைக்கத்தான் பெரிய மனுசனாட்டம் பேசிட்டேன்."

காது மடல் வரை சிவந்துபோயிருந்தான். ஜான்சிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவன் கையிலிருந்த தாளை வாங்கினாள். முழங்கால் மேல் வைத்து, குடிப்பழக்கத்துக்கு அவன் போட்டிருந்த 'ஆம்' என்பதை அடித்து 'இல்லை' என்று மாற்றினாள். பதினேழாவது கேள்வியை ஒரு தடவை படித்துவிட்டு அப்படியே விட்டாள். பஸ் குலுக்கிய குலுக்கலில் அவள் கையெழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

"யோசிச்சிப் போடு ஜான்சி. நான் இப்பிடித்தான்."

"அந்த ரெண்டு வருஷத்துல," என்றாள் அவள், "அவன் ஒரு நாளும் எங்கிட்ட பயமா இருக்குன்னு சொன்னதில்ல. நானும் சொன்னதில்ல. சொன்னா உட்டுட்டுப் போயிடுவானோன்னு உள்ளயே வச்சிக்கினு இருந்தேன்."

அன்பரசு அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"இது எனக்கும் மொத தடவதாங்க," என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.