கழற்றக் கூடாத கிளாம்ப்

என் மனுசன் நளீமுக்கு மரவேலை கைவந்த கலை. வாய்தான் கட்டுக்குள் நிற்காது.

என் தங்கச்சி ஆதிலாவுக்குக் கலியாணம் பேசப் புத்தளத்துக்குப் போன அன்று, இவர் மாப்பிள்ளை வீட்டு வாசற்கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "இத அடிச்சவன் கண்ண மூடிக்கிட்டா அடிச்ச?" என்று கேட்டார். அந்தக் கதவைச் செய்தவர் மாப்பிள்ளையின் வாப்பா; மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டவர். மாப்பிள்ளையின் உம்மா ஸுலைஹா மாமி தேத்தண்ணிக் கோப்பையைக் கொஞ்சம் பலமாக வைத்தார், அவ்வளவுதான். ஆதிலாவின் முகம் செத்துப்போனது.

கலியாணத்துக்கு முன் பெண்ணின் அறையைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வருவது வழக்கம். மாப்பிள்ளை நம் வீட்டில்தானே குடியிருக்கப் போகிறார், கட்டிலும் அலுமாரியும் நாங்கள் போட வேண்டும். கடையில் வாங்குவோம் என்றேன்.

"நான் உசிரோட இரிக்கக்க கடை அலுமாரியா?" என்றார் நளீம்.

அலுமாரிப் பெட்டி நன்றாகத்தான் வந்தது. வினை கதவு மாட்டும் முன்சட்டத்தில். சட்டத்தின் பின்பக்கம் சரிவாகத் துளை போட்டு, அதற்குள் ஸ்க்ரூவை இறக்கி மூலைகளைச் சேர்க்கும் வேலை அது. ஸ்க்ரூ சாய்ந்து இறங்குவதால், கடிக்கும் நேரம் ஒரு பலகையை மெல்லத் தள்ளிவிடும். இரண்டையும் சேர்த்துக் கிளாம்பால் கவ்விப் பிடித்தால்தான் சமமாக நிற்கும். நளீமோ கையால் அழுத்திப் பிடிப்பார். சிலாபத்தில் வாங்கின கிளாம்ப் ஆணியில் தொங்கித் துருப்பிடித்தது.

"அது கை நடுங்குறவனுக்கு," என்பார்.

அவருடைய நடுங்காத கை ஒவ்வொரு மூலையிலும் ஒரு படி வைக்கும். சாண்ட் பேப்பரால் அதைத் தேய்த்துத் தேய்த்து விரல் எரிவது எனக்கு.

அவர்கள் வரும் நாள் காலை ஆதிலா சட்டத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். நாலு மூலையிலும் நகம் தடக்கியது. "அந்த மாமி எதையும் தடவிப் பாக்காம உட மாட்டா, தாத்தா. கதவுக்குப் பழி வாங்கத்தான் வாரா," என்று அழத் தொடங்கினாள்; அக்காவைத் தாத்தா என்பது எங்கள் வழக்கம். எனக்கு வந்த ஆத்திரத்தில் ட்ரில்லை நானே கையில் எடுத்தேன்.

"நீங்க பலகையப் புடிங்க. ஸ்க்ரூ நான் எறக்குறன்."

அவள் அழுகையைப் பார்த்தோ என்னவோ மனுசன் சட்டத்தைப் பிடிக்க வந்தார். சட்டத்தைத் தாழ்ந்த கட்டைகள் மேல் கவிழ்த்து வைத்தோம்; அவர் தரையில் குந்திப் பலகையைப் பிடித்தார். பழைய ஸ்க்ரூக்களைக் கழற்றி, துளைகளுக்குள் குச்சி அடைத்து, பசை பூசி, கிளாம்பால் கவ்வி, மெதுவாக ஸ்க்ரூ இறக்கினேன். மூன்று மூலை கண்ணாடியாக வந்தது. நாலாவதில் கிளாம்பின் கீழ்வாய், பலகையோடு சேர்த்து நளீம் இடுப்பில் கட்டியிருந்த சாரனையும் கவ்வியது. கண்டேன். கண்டுதான் இன்னும் இரண்டு திருகு இறுக்கினேன்.

ஸ்க்ரூ இறங்கியதும் வாசலில் வேன் சத்தம். நளீம் எழும்பப் பார்த்தார். சாரன் விடவில்லை.

"கிளாம்பக் கழட்டு, புள்ள!"

"அல்லாஹ்வே, பசை காயுற வரைக்கும் தொடக் கூடா! இப்ப கழட்டினா மூலை வெலகிரும். மாமிட வெரல் அங்கதான் போகும்."

பச்சைப் பொய். ஸ்க்ரூ இறங்கிவிட்டால் கிளாம்பை உடனே கழற்றலாம். வாழ்நாளில் கிளாம்ப் பிடிக்காத மனுசனுக்கு அது எங்கே தெரியும்?

பெண்கள் அறைக்குள் வந்தபோது நளீம் முழங்காலைச் சேர்த்து, இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, புதுப்பெண் மாதிரித் தலை குனிந்திருந்தார். வாயைத் திறந்தால் எல்லாரும் திரும்புவார்கள், திரும்பினால் சாரன் மாட்டிக்கிடப்பது தெரியும். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அவர் இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பாவமாகவும் இருந்தது, பார்க்க ஆசையாகவும் இருந்தது.

ஸுலைஹா மாமி குனிந்து சட்டத்துக்கு அடியில் கையை விட்டார். முதல் மூலை, இரண்டாவது, மூன்றாவது. விரல் எங்கேயும் நிற்கவில்லை. ஆதிலா என் கையை நசுக்கினாள். நாலாவது மூலையில் விரல் நின்றது. மாமி எதையோ மெல்ல இழுத்துப் பார்த்தார். நளீம் இடுப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

மாமி நிமிர்ந்து என் காதோடு கேட்டார். "ஸ்க்ரூ எறங்கிட்டா கழட்டலாம் தானே, புள்ள? எங்கட மனுசன் அந்தக் காலத்துல ஒடனே கழட்டிருவாரு."

நானும் அவர் காதோடு, "ஓம், மாமி," என்றேன்.

மாமி நளீமைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"வேலை அச்சா, தம்பி. பசை நல்லாக் காயட்டும், அவசரப்பட்டுக் கழட்டிராதீங்க. பொறகு எங்கட ஊட்டுக் கதவு மாதிரி ஆகிரும்."

ஆதிலாவின் கன்னத்தைத் தடவிவிட்டு, கதிரையை இழுத்து நளீமுக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்து, மாமி ஆற அமரத் தின்ன ஒரு துண்டு வட்டிலப்பம் கேட்டார்.